காடு காத்த வீடுகள்: ஜெர்மனியில் அறக்கட்டளைகள் பெருகிய கதை

(காட்சி: ஆக்ஸ்பர்க் நகரம். காவி மஞ்சள் பூசிய மாடி வீடுகளின் வரிசை. ஒரு கதவின் அருகே கேமரா நெருங்குகிறது.)

மணியை இழுக்கும் இந்த இரும்புப் பிடியைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு இதன் வடிவம் மாறும். தெருவிளக்கு இல்லாத காலத்தில், இருட்டில் வருபவர் கையால் தடவியே தன் வீட்டைக் கண்டுகொள்ள வேண்டும் என்று யாரோ அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள்.

இந்தக் குடியிருப்பின் பெயர் ஃபுக்கராய். வணிகர் யாக்கோப் ஃபுக்கர் 1521-இல் இதற்கு அறக்கட்டளைப் பத்திரம் எழுதினார். வறுமையில் வாடும் கத்தோலிக்கர்கள் இங்கே வசிக்கலாம். அவருடைய குடும்பத்துக்காக நாள்தோறும் மூன்று ஜெபங்கள் சொல்ல வேண்டும். வாடகை அன்று ஆண்டுக்கு ஒரு கில்டர் என்னும் அக்கால நாணயம். இன்றும் அதே வாடகைதான், யூரோ கணக்கில் 88 சென்ட். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு.

(காட்சி: மரங்கள் அடர்ந்த காடு.)

ஐந்நூறு ஆண்டுகளாக இது நிலைத்திருப்பதற்கு அறக்கட்டளைக்குச் சொந்தமான இந்தக் காடுதான் முக்கியக் காரணம். அறக்கட்டளையின் அடிப்படை விதி எளிது: முதலாகப் போட்ட சொத்தைத் தொடக்கூடாது, அதன் வருமானத்தில் மட்டுமே அறம் செய்ய வேண்டும். அந்த முதல் எந்த வடிவில் இருக்கிறது என்பதில்தான் அதன் ஆயுள் அடங்கியிருக்கிறது. 1923-இல் ஜெர்மன் நாணயம் மதிப்பிழந்தபோது, அரசுக் கடன் பத்திரங்களை நம்பியிருந்த எத்தனையோ அறக்கட்டளைகளுக்கு முதலுக்கே மோசம் வந்தது. ஃபுக்கரின் முதல் நிலமாகவும் மரமாகவும் நின்றது. 1944-இல் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளும் மீண்டும் எழுந்தன.

(காட்சி: எண்கள் திரையில் ஏறுகின்றன.)

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் சுமார் 10,000 அறக்கட்டளைகள் இருந்தன. இன்று 25,000-க்கும் மேல். 2000-இல் வரிச்சலுகை கூடியது. 2002-இல் சட்டம் மாறி, நிபந்தனைகளை நிறைவேற்றினால் அறக்கட்டளை தொடங்குவது உரிமை என்றானது. போருக்குப் பிந்தைய செழிப்பில் சேர்ந்த சொத்தும் கைமாறும் வயதை எட்டியிருந்தது.

பாஷ் நிறுவனத்தின் ஏறத்தாழ 94 விழுக்காடு பங்குகள் ஓர் அறக்கட்டளையிடம் இருப்பதைப் பலரும் வியந்து பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1996-இல் குட்டர்ஸ்லோ நகரில் தொடங்கிய குடிமக்கள் அறக்கட்டளை. ஒரு செல்வரின் பெயரை மட்டும் தாங்கி நிற்காமல், ஊர் மக்கள் பலரும் பணம் போட்டுத் தங்கள் ஊருக்காகவே நடத்தும் முறை அது. பின்னர் நூற்றுக்கணக்கான ஊர்கள் அந்த வழியில் நடந்தன.

ஆனால் புதியவற்றில் பெரும்பாலானவை சிறியவை, காடு இல்லாதவை. 5 லட்சம் யூரோ முதலுக்கு 4 விழுக்காடு வட்டி வந்தால் ஆண்டுக்கு 20,000 யூரோ கிடைக்கும். ஒரு பள்ளி நூலகத்தைத் தாங்கலாம். அரை விழுக்காடானால் வெறும் 2,500. 2014 முதல் 2022 வரை ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு வட்டி பூஜ்யத்துக்கும் கீழே கிடந்தபோது, இப்படித்தான் பல அறக்கட்டளைகள் பெயரளவில் மட்டும் உயிரோடிருந்தன.

2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், தள்ளாடும் அறக்கட்டளைகள் ஒன்றோடொன்று இணைவதற்கான விதிகளை நாடு முழுவதற்கும் ஒரே சீராக வகுத்தது. முதலையும் சேர்த்தே செலவழித்து, குறித்த காலத்தில் முடிந்துபோகும் அறக்கட்டளைக்கும் அதில் இடம் உண்டு.