யார் முதலில் பேசுகிறார்?

வணக்கம் நேயர்களே. படமே காட்ட முடியாத வானொலியில் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பரவாயில்லை, நல்ல கதையைச் சுமாரான சித்திரம் கெடுத்துவிடுவது காமிக்ஸ் படித்தவர்கள் எல்லோரும் பட்ட அவஸ்தைதான்.

ஒரு துப்பறியும் சித்திரக்கதை. மூன்றாம் பக்கத்தில் ஒரு பணியாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். நாற்பதாம் பக்கத்தில் முகமூடி கழல்கிறது. கொலைகாரர் அவர்தான்! கதாசிரியர் எத்தனை நாள் உட்கார்ந்து பின்னிய முடிச்சோ! படிப்பவருக்கோ, "யாருப்பா இது?" என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. அந்த முகத்துக்கும் இந்த முகத்துக்கும் ஒட்டே இல்லை. கதையில் குறையில்லை, சித்திரம் காலை வாரிவிட்டது.

சுமாரான சித்திரம் என்றதும் அழகில்லாத கோடு என்று நினைத்துவிடுகிறோம். அப்படியல்ல. அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்' சித்திரக்கதையில் யூதர்களுக்கு எலி முகம், ஜெர்மானியர்களுக்குப் பூனை முகம். எலிக்கும் எலிக்கும் முகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது; உடையையும் பேச்சையும் வைத்தே ஆளைத் தெரிந்துகொள்கிறோம். 1992-ல் அதற்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. எளிமை வேறு, பலவீனம் வேறு. சுவரின் ஒவ்வொரு செங்கல்லையும் வரைந்துவிட்டு, பேசுவது யார் என்பதைக் கோட்டைவிட்ட பக்கம்தான் என் கணக்கில் பலவீனமான பக்கம்.

எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன்: வசன பலூன், அதாவது பாத்திரத்தின் பேச்சை எழுதும் குமிழி. சற்று நேரம் இங்கேயே நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் படிக்கிறோம். பலூன்களையும் அப்படித்தான் படிப்போம். பக்கத்தில் கோடு போட்டுப் பிரித்த ஒரு படக் கட்டத்தில் இரண்டு பேர். "கடிதத்தை எரித்துவிட்டாயா?" என்று ஒருவர் கேட்கிறார். "எந்தக் கடிதம்?" என்கிறார் மற்றவர். ஓவியர் பதில் சொல்பவரை இடப்பக்கம் நிறுத்திவிட்டார் என்று வையுங்கள். "எந்தக் கடிதம்?" முதலில் வந்துவிடும், கேள்வி பின்னால் வரும். மழுப்புகிறவர் தானாக வந்து மாட்டிக்கொண்டவர் ஆகிவிடுகிறார்!

வசனம் எழுதுகிறவர் இப்போது என்ன செய்வார்? பலூன்களை இடம் மாற்றினால், பேசுகிறவரை நோக்கி நீளும் அவற்றின் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். கேள்வியை மேலே ஏற்றிப் பதிலைக் கீழே இறக்கலாம். அதற்குத் தலைக்கு மேல் இடம் வேண்டுமே! நெற்றி கட்டத்தின் விளிம்பை முட்டிக்கொண்டு நிற்கிறது. சிலர் படத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிவிடுவார்கள். உடனே வலக்கைத் துப்பாக்கி இடக்கைக்குப் போகும், இடக் கன்னத்துத் தழும்பு வலக் கன்னத்துக்கு வரும்.

இதைத் தவிர்ப்பது சுலபம். பென்சில் வேலைக்கு முன்பே, முழுப் பக்கத்தையும் உள்ளங்கை அளவுக்குக் கிறுக்கிப் பாருங்கள். அந்தக் கிறுக்கலில் முதலில் வர வேண்டியது ஆள் அல்ல, பலூன். முதலில் பேசுகிறவர் இடப்பக்கம். பேச்சு இருக்கும் கட்டத்தில் மேலே மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, இன்னும் கொஞ்சம் தாராளமாகவே விடலாம். திரும்பச் சொல்கிறேன்: முதலில் பேசுகிறவர் இடப்பக்கம்.

அடுத்தது ஆள் அடையாளம். தெருமுனையில் வருகிறவரை முகம் தெரியும் முன்பே நடையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? சித்திரத்திலும் அது நடக்க வேண்டும். பாத்திரங்களை வரிசையாக நிறுத்தி, உள்ளே முழுக்கக் கறுப்பு மை பூசிவிடுங்கள். நிழலை வைத்தே ஆளைச் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால், தலைமுடியை மட்டும் மாற்றி ஒரே ஆளை நான்கு முறை வரைந்திருக்கிறீர்கள். மழைக்கோட்டு மாட்டினால் நால்வரும் ஒருவரே. ஒவ்வொருவருக்கும் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், மற்றவரோடு ஒப்பிட்ட உயரம் என்று ஒரு தாளில் வரைந்து மேசைமேல் ஒட்டிவையுங்கள். அந்தப் பணியாள் பிழைத்திருப்பார்.

இடம் மாறுவது இன்னொரு கோளாறு. இருவர் பேசும் காட்சியில் இடப்பக்கம் இருந்தவர் அடுத்த கட்டத்தில் காரணமில்லாமல் வலப்பக்கம் போனால், நாடகம் பார்க்கும்போது நம்மைத் தூக்கி மேடைக்குப் பின்னால் உட்கார வைத்ததுபோல் இருக்கும்.

பக்கம் புரட்டுவதும் ஓவியரின் வேலைதான். நம் புத்தகங்களில் ஒற்றைப்படைப் பக்கம் வலது கை, இரட்டைப்படைப் பக்கம் புரட்டிய பிறகு வருவது. கதவு திறப்பது ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கட்டும், உள்ளே இருக்கும் பிணம் அடுத்த பக்கத்தின் தலையில். நடுவில் ஓவியர் ஒரு பக்கத்தைக் கூட்டினால் போதும், எல்லா அதிர்ச்சியும் எதிர்ப்பக்கத்தில் வந்து நிற்கும். கதவு திறக்கும் முன்பே கண்ணில் பிணம்.

அச்சில் சுருங்கும்போது நெருக்கமான மைக்கோடுகள் கூடிக் கறுப்பாவது பற்றி... நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். சரி, வண்ணத்தைப் பற்றி ஒரே வரி: முடித்த பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், பேசுகிறவர் சுவரோடு கரைந்துபோனால் சட்டையின் நிறத்தை மாற்றுங்கள். வணக்கம்.