மொடேனாவுல காசா மரியா லுயிஜா: எல்லாரும் டின்னருக்கு வர்றாங்க, நீங்க காலை சாப்பாட்டுக்காகவும் தங்குங்க

வணக்கம் மக்களே! இப்ப நான் இருக்குறது இத்தாலில, எமிலியா-ரோமான்யா பக்கம், மொடேனா டவுன்ல இருந்து கொஞ்சம் வெளிய வந்தா வயலுக்கு நடுவுல ஒரு பழைய பங்களா, பதினெட்டாம் நூற்றாண்டு வீடு, அதைத்தான் ஹோட்டலா மாத்தியிருக்காங்க, பேரு காசா மரியா லுயிஜா. மொத்தமே 12 ரூம்தான். 2019-ல திறந்தாங்க. ஓனர் யாருன்னா செஃப் மாசிமோ பொத்தூராவும் அவர் மனைவி லாரா கில்மோரும். மரியா லுயிஜாங்கிறது மாசிமோவோட அம்மா பேரு.

சாப்பாட்டு விஷயத்துல ஆர்வம் இருக்குறவங்களுக்கு மாசிமோங்கிற பேரு தெரிஞ்சிருக்கும், தெரியாதவங்களுக்காக சொல்றேன். மொடேனா டவுனுக்குள்ள ஓஸ்தேரியா பிரான்செஸ்கானான்னு ஒரு ரெஸ்டாரண்ட், 1995-ல இவர் ஆரம்பிச்சது, மூணு மிஷலின் ஸ்டார் இருக்கு, அதாவது மிஷலின் கைடுங்கிற புத்தகம் ரெஸ்டாரண்டுக்குக் கொடுக்குறதுலயே உச்ச மதிப்பு, உலகத்தோட டாப் 50 ரெஸ்டாரண்ட்னு வருஷா வருஷம் ஒரு லிஸ்ட் போடுவாங்கல்ல, அதுல 2016-லயும் 2018-லயும் முதல் இடம். ஆனா உள்ள மொத்தமே 12 டேபிள்தான், அதனால அங்க இடம் கிடைக்கிறது ரொம்ப ரொம்ப கஷ்டம். அந்த ரெஸ்டாரண்ட்டோட பேர் வாங்குன ஐட்டங்களை இந்த ஹோட்டல் வளாகத்துக்குள்ளயே சமைச்சுப் போடுறாங்க, பழைய குதிரை வண்டிக் கொட்டகை இருந்த இடத்துல. அதனாலதான் இவ்வளவு தூரம் இந்த ஹோட்டலைத் தேடி ஆளுங்க வர்றாங்க.

வீட்டுக்குள்ள வந்தா ஹோட்டல்ங்கிற ஃபீலே இல்லங்க. ஒரு ரூம் முழுக்க வினைல் ரெக்கார்டு, எந்த ரெக்கார்டு வேணா நீங்களே எடுத்துப் போட்டுக் கேக்கலாம். சுவர் பூரா மாடர்ன் ஆர்ட், அதுவும் மியூசியத்துல கயிறு கட்டி வச்சிருப்பாங்களே அந்த மாதிரி ஆர்ட், இங்க நம்ம காபி குடிச்சிட்டு பக்கத்துலயே நின்னு பாக்கலாம். ஆர்ட் பத்தி தனியா வீடியோ போடணும், அவ்வளவு இருக்கு, அதனால இன்னைக்கு அதை விட்டுடுறேன்.

நேரா கிச்சனுக்குப் போலாம் வாங்க. இது தங்க வந்தவங்க யாரு வேணா எப்ப வேணா உள்ள வரலாம்ங்கிற மாதிரி திறந்தே இருக்குற கிச்சன். இங்க பாருங்க, இந்தக் கல்லு மாதிரி இருக்கே, இதுதான் பார்மிஜானோ ரெஜ்ஜானோங்கிற சீஸ். கத்தி வச்சு வெட்டக் கூடாது, இந்த சின்ன பாதாம் ஷேப் கத்தி இருக்குல்ல, இதைக் குத்தி லேசா திருகணும், அதுவா பொளந்து வரும். பாத்தீங்களா... கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், உள்ள வெள்ளை வெள்ளையா புள்ளி தெரியுதா? அது உப்பு இல்ல, சீஸ் வயசாக வயசாக புரோட்டீன் உடைஞ்சு வர்ற கிரிஸ்டல். கடிச்சா நறுக்குனு இருக்கும். முதல்ல உப்பு தெரியுது, அப்புறம் ஒரு நட்ஸ் வாசனை, கடைசில நாக்கு ஓரத்துல லேசா அன்னாசி மாதிரி ஒரு புளிப்பு நிக்குது.

ஒரு சீஸ் சக்கரம் செய்ய கிட்டத்தட்ட 550 லிட்டர் பால் வேணும், எடை ஒரு 40 கிலோ வரும். குறைஞ்சது 12 மாசம் அலமாரில இருந்தாதான் அந்தப் பேரே போட முடியும், அதுக்கு முன்னாடி ஒரு ஆளு வந்து சின்ன சுத்தியல் வச்சு ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டித் தட்டி சத்தத்தைக் கேட்டு உள்ள வெடிப்பு இருக்கா ஓட்டை இருக்கான்னு சொல்லிடுவாரு. மாட்டுக்கு என்ன தீவனம் போடணும்ங்கிறதுக்குக் கூட ரூல் இருக்கு, புளிக்க வச்ச தீவனம் போடவே கூடாது.

இப்ப ராத்திரி டின்னருக்கு வர்றேன். நீளமான டேபிள், முன்ன பின்ன தெரியாதவங்களோட சேந்து உக்காரணும், ஒன்பது ஐட்டம் வரிசையா வரும், ஒவ்வொன்னு வரும்போதும் அதோட கதையைச் சொல்றாங்க. எல்லாத்தையும் சொன்னா வீடியோ முடியாது, எனக்கு மனசுல நின்ன ரெண்டு மூணு மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த அஞ்சு வெவ்வேறு வயசு பார்மிஜானோ. ஒரே சீஸ், 24 மாசம், 30 மாசம், 36, 40, 50 மாசம்னு அஞ்சு வயசு, அஞ்சு பக்குவம். 24 மாசத்துல சூடான சூஃப்லே, அதாவது முட்டை அடிச்சு சேத்து உப்ப வச்சது, 30-ல சாஸ், 36-ல ஜில்லுனு நுரை, 40-ல மொறுமொறுன்னு ஒரு தகடு, 50 மாச சீஸ்ல இருந்து காத்து மாதிரி ஒரு நுரை, வாயில வச்சா வாசனை மட்டும் இருக்கும் பொருளே இருக்காது. தட்டு முழுக்க ஒரே நிறம், வெளிர் மஞ்சளும் வெள்ளையும், அலங்காரத்துக்கு ஒரு இலை கூட கிடையாது. பாக்க ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்குற ஒரு தட்டு, ஆனா ஒரே ஸ்பூன்ல சூடும் ஜில்லும் மொறுமொறுப்பும் சேந்து வருது, நான் சாப்ட்டதுலயே இதுக்குப் பக்கத்துல வைக்க வேற எதுவும் எனக்கு ஞாபகம் வரல. இந்த ஐட்டத்தைப் பல வருஷமா மாத்தி மாத்தி செஞ்சு கொண்டு வந்திருக்காரு மாசிமோ.

அப்புறம் லசானியாவோட மொறுமொறு ஓரம். லசானியான்னா பாஸ்தா தகட்டையும் சாஸையும் அடுக்கடுக்கா வச்சு சுடுறது. வீட்டுல லசானியா செஞ்சா அந்தக் கருகுன மூலைக்குத்தான் பசங்க சண்டை போடுவாங்களாம், அதை மட்டும் தனியா எடுத்து ஒரு ஐட்டமாவே ஆக்கிட்டாரு. இவரு சின்ன வயசுல பாட்டி பாஸ்தா உருட்டும்போது டேபிளுக்கு அடில ஒளிஞ்சுக்கிட்டு பச்சையாவே தோர்தெல்லினியை, அதாவது உள்ள கறி வச்சு மடிச்ச குட்டி பாஸ்தாவை, திருடித் தின்னதைப் பல இடத்துல சொல்லியிருக்காரு, டேபிளுக்கு அடில இருந்து பாத்தா உலகம் எப்படித் தெரியும்ங்கிறதுதான் என் சமையல்னு சொல்றவரு.

விலாங்கு மீன் ஒன்னு வந்துச்சு, அதைக் கண்டிப்பா சொல்லணும். 1598-ல எஸ்தே வம்சத்து டியூக் ஃபெராரா நகரத்தை விட்டுட்டு மொடேனாவுக்குத் தலைநகரை மாத்த வேண்டியதாயிடுச்சு. அந்தக் கதையைத்தான் மீனு மேல ஏத்தியிருக்காங்க, போ (Po)ங்கிற நதில கீழ இருந்து விலாங்கு மேல நீந்தி மொடேனாவுக்கு வர்ற மாதிரி. மீன் மேல காய்ச்சுன திராட்சைச் சாறைத் தடவித் தடவி சுட்டு, ஒரு பக்கம் சோளமாவு களி, இன்னொரு பக்கம் புளிப்பு ஆப்பிள். கதை தெரியலன்னாலும் ருசி ருசிதான், ஆனா தெரிஞ்சா அந்த ஆப்பிளும் களியும் ஏன் பக்கத்துல இருக்குன்னு புரியுது, வழில வர்ற ஊர்லாம் தட்டுல இருக்கு.

கடைசில அந்த உடைஞ்ச எலுமிச்சை டார்ட், அதாவது மொறுமொறு மாவுக் கிண்ணத்துல எலுமிச்சை கிரீம் வச்ச இனிப்பு. கிச்சன்ல தகாஹிகோ கோந்தோங்கிற ஜப்பான் செஃப் கையில இருந்து டார்ட் தவறி விழுந்துச்சு, அவரு ஆடிப் போயிட்டாரு, மாசிமோ அதைப் பாத்துட்டு இது இப்படியே அழகா இருக்குன்னு சொல்லி அன்னைல இருந்து உடைச்சேதான் பரிமாறுறாங்க. எலுமிச்சை புளிப்புக்கு நடுவுல கேப்பர்ஸ், அதாவது உப்புல ஊற வச்ச பூமொட்டு, அதோட உப்பு வந்து இடிக்கும் பாருங்க, இனிப்பு ஐட்டம்னா இப்படியும் இருக்கலாமான்னு ஆயிடுச்சு.

சரி, இவ்வளவும் இன்டர்நெட்ல ஃபோட்டோ ஃபோட்டோவா கிடைக்குது. நான் இந்த வீடியோ போடுறதே வேற ஒன்னைச் சொல்லத்தான். டின்னர் மட்டும் சாப்ட்டுட்டு நைட்டே கிளம்பிடாதீங்க, ராத்திரி தங்குங்க, காலைல எந்திரிங்க.

காலைல விறகு அடுப்பு எரியும். ஜெசிகா ரோஸ்வல்னு கனடால இருந்து வந்த செஃப், அவங்கதான் இந்த நெருப்புச் சமையலைக் கொண்டு வந்தது, இதே வளாகத்துல அல் காத்தோ வெர்தேன்னு இன்னொரு ரெஸ்டாரண்ட்டும் அவங்க பொறுப்புல இருக்கு. காலைல டேபிள்ல என்ன இருந்துச்சுன்னு கேளுங்க: ஞோக்கோ ஃப்ரித்தோ, அது மாவைத் தேச்சு எண்ணெய்ல போட்டா உப்பி வர்றது, சூடா பிச்சா உள்ள வெத்து, அதுக்குள்ள மொர்தடெல்லாங்கிற பன்னிக்கறி சாசேஜை மெல்லிசா சுருட்டி வச்சா சூட்டுலயே கொழுப்பு உருகிடும். அடுப்புல வெந்த கொத்தெகினோ, அது பன்னிக்கறி சாசேஜ், இந்த ஊர்ல கிறிஸ்துமஸ், நியூ இயர்க்கு சாப்பிடுற பண்டம், அதுக்கு மேல சபாயோனே, அதாவது முட்டை மஞ்சக்கருவும் சக்கரையும் ஒயினும் சேத்து அடிச்ச இனிப்பு கிரீம். சாசேஜுக்கு மேல இனிப்பான்னு தோணும், சாப்ட்டுப் பாருங்க. அப்புறம் மாவுக்குள்ள கீரை வச்சு சுட்ட பை (pie), ரிக்கோட்டாங்கிற மெத்துனு இருக்குற சீஸ், ஆம்லெட், பொடிஞ்சு விழுற பாதாம் கேக். எல்லாமே இந்தச் சுத்துவட்டாரத்து வீட்டுச் சாப்பாடு.

முந்தின நாள் ராத்திரி நுரையாவும் தகடாவும் வந்த அதே சீஸ், காலைல சும்மா கட்டியா தட்டுல இருக்கு. விலாங்கு மேல தடவியிருந்த அதே திராட்சைச் சாறு, காலைல ரிக்கோட்டா மேல. அப்பதான் எனக்குப் பளிச்சுனு ஆச்சு, ராத்திரி பாத்த மேஜிக்குக்கு அடில என்ன இருக்குன்னு. டின்னர் மட்டும் சாப்ட்டவங்களுக்கு அந்த செஃப்போட மூளை தெரியும், காலைலயும் உக்காந்து சாப்ட்டவங்களுக்கு அந்த ஊரு தெரியும். என்னைக் கேட்டா ரெண்டும் சேந்தாதான் சாப்பாடு முழுசு.

அடுத்து பால்சமிக், திராட்சைல செய்ற வினிகர். இங்கயே மாடி ரூம்ல பீப்பா வரிசை வச்சிருக்காங்க, மேல ஏறி கதவைத் திறந்த உடனே வாசனை மூக்குல ஏறுது. எப்படிச் செய்றாங்கன்னா திராட்சையைப் புழிஞ்சு அந்தச் சாறைத் திறந்த பாத்திரத்துல மணிக்கணக்கா காய்ச்சுறாங்க, நம்ம ஊர்ல பதநீர் காய்ச்சி கருப்பட்டி ஆக்குற மாதிரிதான், ஆனா கட்டியாகுறதுக்கு ரொம்ப முன்னாடியே நிறுத்திடுறாங்க. அப்புறம் பெரிய பீப்பால ஆரம்பிச்சு சின்னது, அதை விட சின்னதுன்னு வரிசையா, ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரின்னு வேற வேற மரம். வருஷத்துக்கு ஒரு தடவை கடைசி சின்ன பீப்பால இருந்து கொஞ்சமா எடுப்பாங்க, குறைஞ்சதுக்கு அதுக்கு முந்தின பீப்பால இருந்து ஊத்துவாங்க, அப்படியே பின்னாடி போய் பெரிய பீப்பாக்குப் புதுச் சாறு. மாடில ஏன் வைக்கிறாங்கன்னா வெயில் காலத்துல கொதிக்கணும், குளிர்ல அடங்கணும், அந்த ஏத்த இறக்கம்தான் அதைப் பக்குவப்படுத்துது. குறைஞ்சது 12 வருஷம், எக்ஸ்ட்ராவெக்கியோன்னு போட்டா 25 வருஷம். பொண்ணு பிறந்தா ஒரு வரிசை பீப்பா ஆரம்பிச்சு கல்யாணத்துக்குச் சீரா கொடுக்குற பழக்கம் இந்த ஊர்க் குடும்பங்கள்ல இருந்திருக்கு.

ஸ்பூன்ல விட்டுக் காட்டுறேன் பாருங்க... ஓடாது, மெதுவா நகருது, ஸ்பூனைச் சாய்ச்சா ஓரத்துல ஒரு பிரவுன் கோடு விட்டுட்டுப் போகுது. புளிப்பு முதல்ல வராது, இனிப்பு வந்து, மர வாசனை வந்து, அப்புறம்தான் புளிப்பு. நம்ம சூப்பர் மார்க்கெட்ல சாலட்டுக்கு வாங்குறது வேற, அது ஒயின் வினிகர்ல திராட்சைச் சாறு கலந்து 60 நாள்லயே வித்துடலாம். வாங்குறதா இருந்தா பாட்டில் ஷேப்பைப் பாருங்க, ஒரிஜினல் மொடேனா பால்சமிக் 100 மில்லி பாட்டில்லதான் வரும், உருண்டை வயிறு, அடில செவ்வகம், கார் டிசைனர் ஜுஜாரோ வரைஞ்ச டிசைன். வேற பாட்டில்ல இருந்தா அது இது இல்ல.

இப்ப சைவம் சாப்பிடுறவங்க கவனமா கேளுங்க, இதை யாரும் சரியா சொல்றதில்ல. பார்மிஜானோல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னட் போட்டுத்தான் பாலைத் திரிக்கிறாங்க, அது சட்டப்படியே அப்படித்தான், அதனால அது முழு சைவம் கிடையாது. தோர்தெல்லினிக்குள்ள பன்னிக்கறி, மொர்தடெல்லா எல்லாம் இருக்கும், மிதக்குறது சேவல்கறி சூப்புல. ஞோக்கோ ஃப்ரித்தோ கூட பழைய முறைல பன்னிக் கொழுப்புலதான் பொரிப்பாங்க. அதனால வெஜிட்டேரியன்னு ஒரு வார்த்தை மட்டும் மெயில்ல போடாதீங்க, ரென்னட் வேண்டாம், லார்டு (பன்னிக் கொழுப்பு) வேண்டாம், மீன் வேண்டாம்னு ஒவ்வொன்னா எழுதி, புக் பண்ணும்போதே அனுப்பிடுங்க. பெரும்பாலும் சீஸையும் கறியையும் மீனையும் நம்பி இருக்குற மெனு, கடைசி நிமிஷத்துல சொன்னா அவங்களுக்கும் சிரமம் உங்களுக்கும் ஏமாத்தம்.

வர்ற வழி ஈஸிதான். பொலோன்யா வரைக்கும் ஃப்ளைட்லயோ ட்ரெயின்லயோ வந்துட்டா அங்க இருந்து மொடேனாவுக்கு லோக்கல் ட்ரெயின்ல அரை மணி நேரம்தான், ஸ்டேஷன்ல இருந்து டாக்ஸி. டின்னர் ரூம் வாடகைல சேராது, தனியா புக் பண்ணணும், அதனால முதல்ல டின்னர் என்னைக்குக் கிடைக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் ரூம் தேதியைப் போடுங்க. டவுன்ல ஒரு காலைப் பொழுது ஒதுக்கி அல்பினெல்லி மார்க்கெட்டுக்குப் போங்க, 1931-ல இருந்து இருக்குற மார்க்கெட், ரூம் எடுக்க பட்ஜெட் இல்லாதவங்க கூட அங்க நின்னு சீஸும் மொர்தடெல்லாவும் வாங்கிச் சாப்பிடலாம், அதே ஊரு, அதே பொருள். நாளைக்கு நான் அங்கதான் போறேன், சீஸ் கடைக்காரர்கிட்ட 24 மாசம், 36 மாசம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ருசி பாத்துச் சொல்றேன்.