விட்டுவிட்ட வேலைகளைக் கேளுங்கள்

ஆசிரியர்களே, நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். முந்நூறு மாணவர்களை அரங்கில் உட்கார வைத்து, எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்று ஒருவர் மைக் பிடித்துப் பேசிவிட்டுப் போனால், அது கூட்டம், வேலைத் தேர்வுக்கான குழு ஆலோசனை இல்லை. (நானும் இப்போது மைக் பிடித்துத்தான் நிற்கிறேன், அது வேறு விஷயம்.) குழு என்றால் எட்டு, பத்துப் பேர், வட்டமாக உட்கார வேண்டும், வாராவாரம் அதே முகங்கள்.

1908இல் அமெரிக்காவின் பாஸ்டனில் வேலை வழிகாட்டல் நிலையம் தொடங்கிய பிராங்க் பார்சன்ஸ், உன்னையும் தெரிந்துகொள், வேலைகளையும் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்றார். 1959இல் உளவியலாளர் ஜான் ஹாலண்ட் மனிதர்களின் வேலை நாட்டத்தை ஆறு வகையாகப் பிரித்தார். எந்த வேலையில் நாட்டம் என்று பார்க்கும் இன்றைய ஆர்வச் சோதனைகள் பலவும் அதன் வழிவந்தவைதான். சோதனை வைக்கலாம், தப்பில்லை. ஆனால் வந்த முடிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், தலையெழுத்து மாதிரி பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகிறோமே, அதுதான் வம்பு.

எனக்கு முக்கியமாகப் படுவது உளவியலாளர் லிண்டா காட்ஃபிரெட்சன் 1981இல் சொன்னது. பிள்ளைகள் வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு முன்பே வேலைகளைக் கழித்துக்கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆறு, ஏழு வயதில் இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை என்று ஒரு வெட்டு. ஒன்பது வயதுக்கு மேல் இது நமக்குக் கௌரவக் குறைச்சல், இது நமக்கு எட்டாது என்று இன்னொரு வெட்டு. பதினாறு வயதில் நம் முன்னால் வந்து உட்காரும்போது நாலைந்துதான் மிச்சம் இருக்கும், நாமோ அந்த நாலைந்துக்குள் எது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

அதனால் முதல் நாளே, 'என்ன ஆகப் போகிறாய்' என்று கேட்காதீர்கள். 'எதை வேண்டாம் என்று விட்டாய், ஏன்' என்று கேளுங்கள். அதையும் முதலில் தாளில் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதலில் வாய் திறப்பவன் சொன்னதையே வட்டம் முழுக்கச் சொல்லும். எழுதியதை வாசிக்கும்போது ஒரு பெண், எலக்ட்ரீஷியன் வேலை பிடிக்கும், ஆனால் பெண்கள் யார் போகிறார்கள் என்பாள்; எதிரே இருக்கும் பையன், நர்ஸ் ஆக ஆசைதான், சிரிப்பீர்கள் என்று சொல்லவில்லை என்பான். நாம் நூறு தடவை சொல்லியும் ஏறாதது இந்த இடத்தில் சட்டென்று ஏறிவிடும்.

வட்டத்தில் பேசியது வெளியே போகக் கூடாது என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். வீட்டுப் பிரச்சினை, பணக் கஷ்டம் என்று பேச்சு திரும்பினால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், சபையில் கிளற வேண்டாம்.

அப்புறம் வீட்டுப்பாடம் ஒன்று. விட்டுவிட்ட வேலைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைச் செய்கிற ஒருவரிடம் போய், 'நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்' என்று மட்டும் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம்.