காலமா, கையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஏழே நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. வணக்கத்துக்கு இது போதும்.

1884-ல, அமெரிக்க பேஸ்பால்ல, பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் பிட்சர், அதாவது பேட்டருக்குப் பந்து எறியறவர், சார்லி ராட்போர்ன் ஒரே சீசன்ல 59 ஆட்டம் ஜெயிச்சாரு. (அணி ஜெயிச்சா, வெற்றியை ஒரு பிட்சர் பேர்ல எழுதுவாங்க.) காரணம் அந்தக் காலத்து விதியா, அவர் கையா? இதுதான் தலைப்பு, நான் கையோட பக்கம். (60-னு எண்ணுறவங்களும் உண்டு. ஜூலை மாசத்து ஆட்டம் ஒண்ணு எந்த பிட்சர் கணக்குல சேரும்னு இன்னும் வாக்குவாதம் நடக்குது. அதுக்குத் தனியா ஒரு பட்டிமன்றம் வைக்கலாம்.)

எதிரணி நண்பர் சொல்லிட்டுப் போனாரு: "இப்ப பிட்சர் 60 அடி 6 அங்குலத்துல இருந்து எறியறான். அன்னிக்கு வெறும் 50 அடி. எங்க அப்பத்தாவே அறுபது ஆட்டம் ஜெயிச்சிருக்கும்!" நல்லாத் தட்டுனீங்க கையை.

சரி, அப்பத்தாவைக் கூட்டிட்டு வாங்க. பிட்சர் நிக்கிற கட்டத்துக்குள்ள நிறுத்துவோம். கையில கிளவுஸ் கிடையாது. 50 அடியில அடிச்ச பந்து வெறுங்கைக்குத் திரும்பி வரும். பேட்டர் "மேல போடு", "கீழ போடு"ன்னு கேட்டு வாங்கலாம், விதியே அப்படி. கேட்ட உயரத்துல விழலேன்னா ஸ்ட்ரைக் இல்ல (மூணு ஸ்ட்ரைக் சேர்ந்தாத்தான் பேட்டர் அவுட், அதுதான் ஸ்ட்ரைக்-அவுட்). களைச்சா மாத்து ஆள் இறக்க முடியாது, காயம் பட்டாலொழிய. ஆறு தடவை பந்து தப்பாப் போனாத்தான் பேட்டர் சும்மா முதல் பேஸுக்கு நடந்து போவான். அது பிட்சருக்குச் சலுகைதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தச் சலுகை ஊருக்கெல்லாம் பொது. அதே வருஷம், அதே 50 அடியில நின்னு பாஸ்டன் அணி பிட்சர் பஃபின்டன் ஜெயிச்சது 48. மீதி 11 எங்கேருந்து வந்துச்சு? அப்பத்தா குடுத்தாங்களா?

இப்ப கைக்கு வரேன். ராட்போர்ன் அணியில இன்னொரு பிட்சர், ஸ்வீனி. ஜூன்ல பாஸ்டனுக்கு எதிரா ஒரே ஆட்டத்துல 19 பேரை ஸ்ட்ரைக்-அவுட் பண்ணின சூரன். ஜூலை 22 அன்னிக்குப் போதை. மேனேஜர் பேன்கிராஃப்ட், "பந்தை ரைட் ஃபீல்டுல, வலது ஓரத்துல, நிக்கிறவன்கிட்ட குடுத்துட்டு நீ அவன் இடத்துக்குப் போ"ன்னாரு. ஐயா மைதானத்தை விட்டே போயிட்டாரு! மாத்து ஆள் விதி இல்லையே, எட்டுப் பேரா ஆடி, கையில இருந்த ஆட்டத்தைக் கோட்டை விட்டாங்க. அணி அவரைத் துரத்திடுச்சு. ராட்போர்னோ அப்ப சஸ்பென்ஷன்ல. அவரைக் கூப்பிட்டாங்க. "மிச்ச சீசனை நானே எறியறேன். கூடுதல் சம்பளம் குடு, வருஷக் கடைசியில வேற அணிக்குப் போக விடுதலைச் சீட்டு குடு"ன்னாரு.

எறிஞ்சாரு. சீசன் முழுக்கச் சேர்த்து, ஆரம்பிச்சது 73 ஆட்டம், முடிச்சதும் 73. எறிஞ்சது 678 இன்னிங்ஸுக்கு மேல, 441 ஸ்ட்ரைக்-அவுட். காலையில எந்திரிச்சா வலதுகை தலைக்கு எட்டாதாம். சீப்பு எடுத்துத் தலை வார முடியாதாம். மறுபடி சொல்றேன்: தலை வார முடியாத கை! மத்தவங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மைதானத்துக்குப் போயிடுவாரு. முதல்ல நாலடி தூரத்துக்கு மெதுவா, கீழ்க்கையா. அப்புறம் கொஞ்சம் பின்னால. இன்னும் கொஞ்சம் பின்னால. கடைசியில மைதானத்தோட தூரக் கோடியான அவுட்ஃபீல்டுல நின்னு, பேட்டர் நிக்கிற ஹோம் பிளேட்டுக்கு எறிவாரு. அது எட்டுச்சுன்னா கை ரெடி. மத்தியானம் ஆட்டம். மறுநாள் காலையில? மறுபடி சீப்பு எட்டாது! நண்பரே, இதுல எந்த அடியை அளப்பீங்க?

அக்டோபர்ல, இன்னொரு லீக்கின் சாம்பியன் நியூயார்க் மெட்ரோபாலிடன்ஸோட மூணு ஆட்டம். மூணும் இவரே எறிஞ்சாரு, மூணும் ஜெயிச்சாரு.

விடுதலைச் சீட்டு என்னாச்சு? கேட்டு வாங்கின மனுஷன், அடுத்த வருஷமும் அதே பிராவிடன்ஸுக்குத்தான் ஆடினாரு. அம்மா, அப்பா, நல்லாக் கேளுங்க: எந்த அணியும் அள்ளிட்டுப் போயிருக்கும், அவர் போகல. ஓய்வுக்கு அப்புறம் இல்லினாய்ஸ் மாநிலத்து ப்ளூமிங்டன்ல மதுக்கடை நடத்தினாரு. 1894-ல வேட்டைக்குப் போன இடத்துல துப்பாக்கி வெடிச்சு ஒரு கண் போச்சு, முகம் கோணிப்போச்சு. யாரும் பாக்க வேண்டாம்னு கடையோட பின்கட்டுலயே இருந்துட்டாரு. 1897-ல போயிட்டாரு, வயசு 42. பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 1939-ல, செத்து இன்னொரு 42 வருஷம் கழிச்சு.

மணி அடிச்சுட்டாங்க. நடுவர் அய்யா, தீர்ப்பை எந்தப் பக்கம் வேணா சொல்லுங்க, ஆனா அந்த அப்பத்தாவை மட்டும் வீட்டுக்கு அனுப்பி வெச்சிடுங்க.