பொன்னாடை வேண்டாம், எனாமல் கம்பி கொடுங்கள்

(மாவட்ட அறிவியல் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்டக் கல்வி அலுவலர்களே, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் அவர்களே, வட்டார வள மைய மேற்பார்வையாளர்களே, ஆசிரியர் பயிற்றுநர்களே, வானவில் மன்றக் கருத்தாளர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அம்மா அவர்களே, காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே! யார் பெயரையாவது, யார் பதவியையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இவர்கள் எல்லோருக்கும் மேலாக, விடுமுறை நாளை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் அறிவியல், கணித ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

மேடையில் பதினொரு பேர் இருக்கிறோம். பதினொரு பொன்னாடை போர்த்தியாயிற்று. அன்புக்கு நன்றி. ஆனாலும் ஒரு கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஒரு மீட்டர் எனாமல் கம்பி, அதாவது மின்சாரம் கடத்தாத பூச்சுப் பூசிய செம்புக் கம்பி, கொடுக்க வேண்டும் என்றால், 22 கேஜ் தடிமனுள்ள கம்பி 150 கிராம்கூட வராது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் நிறுத்துக் கொடுப்பார்கள். நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு மோட்டார் செய்வதற்கான கம்பி அது. அடுத்த ஆண்டு இந்தத் தோளுக்குத் துணி வேண்டாம். ஒரு சுருள் கம்பி கொடுங்கள், மாலையாகவே போட்டுக்கொள்கிறோம்.

கொடுத்திருக்கும் தலைப்பு, ‘அறிவியல் ஆசிரியர்களின் தொழில்திறன் மேம்பாடும் வகுப்பறை வாய்ப்புகளும்’. இதில் பயிற்சி, பொருள், நேரம், வெளியே கிடைக்கும் உதவிகள், மதிப்பீடு என்று ஐந்து செய்திகள் பேச எண்ணம். தலைவர் இருபது நிமிடம் என்று சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அறிவியல் ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழமொழியைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். ஆசிரியருக்குத் தெரிந்தால்தான் பிள்ளைக்குத் தெரியும் என்று பொருள் சொல்லிவிட்டு, சட்டியை நிரப்பப் பயிற்சி வைப்பார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்குள்ள வழக்கு வேறு, அதை இங்கே எடுத்தால் தேநீர் ஆறிவிடும். 50 என்ற எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த 50 மணி நேரத்தில் ஆசிரியரின் கை எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது என்பதுதான் என் கேள்வி. அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் குறுவள மையக் கூட்டம் நடக்கும் விதம் உங்களுக்கே தெரியும். வருகைப் பதிவு, வரவேற்பு, திரையில் படக்காட்சி, நடுவில் காணொளி, கடைசியில் பின்னூட்டப் படிவம். ஆசிரியர் திரும்பிப் போகும்போது பையில் இருப்பது வந்தபோது இருந்த அதே சாப்பாட்டு டப்பா.

இந்த நாட்டில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்று ஒரு மாவட்டம், இப்போது பெயர் நர்மதாபுரம். நர்மதைக் கரை, கோதுமை விளையும் பூமி. 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள், 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் செய்து பார்த்தே கற்பிக்கலாம் என்று இறங்கின. 1978இல் மாவட்டம் முழுவதற்கும் போயிற்று. அந்த ஆண்டு அங்கே ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துவிட்டு புனேயில் டெல்கோ லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார். லாரி செய்யத் தெரிந்தவருக்குக் கிராமத்துப் பள்ளியில் என்ன வேலை? வாரச் சந்தைக்குப் போகிறார். நம் ஊர்ச் சந்தை மாதிரிதான்: வளையல், ரிப்பன், தீப்பெட்டி, சைக்கிள் சாமான். அதில் அவர் கையில் சிக்கியது வால்வு டியூப். சைக்கிள் டியூபில் காற்று திரும்பி வராமல் தடுக்க வால்வு மேல் மாட்டுவோமே, அந்த மெல்லிய ரப்பர்க் குழல்.

அதை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டாக வெட்டுங்கள். தீக்குச்சியின் மருந்தைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி செருகுங்கள். வளையக்கூடிய மூட்டு தயார். மூன்று மூட்டு, மூன்று குச்சி போட்டால் முக்கோணம். அமுக்கிப் பாருங்கள், அசையாது. நான்கு போட்டால் சதுரம். லேசாகத் தட்டினால் சாய்சதுரம். சாய்ந்த சதுரத்துக்குள் மூலைவிட்டமாக ஒரு குச்சி கொடுத்தால் அது உள்ளே இரண்டு முக்கோணமாகி விறைத்து நின்றுவிடும். ரயில் பாலத்திலும் மின்கோபுரத்திலும் இரும்பை ஏன் முக்கோணமாகப் பின்னுகிறார்கள் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை விரலால் தெரிந்துகொள்ளும். மூன்று குச்சி சேரும் மூட்டு வேண்டுமா? ரப்பர் துண்டின் நடுவில் கருவேல முள்ளால் குத்தி, நுனி சீவிய குச்சியைச் செருகுங்கள். ஊசி தேடி அலைய வேண்டாம், பள்ளி வேலி முழுக்க முள்தானே! நான்கு குச்சி மூட்டுக்குத் துண்டு இரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஒன்றரையில் முயன்றால் ரப்பர் கிழிந்துவிடும். பிறகு நான்முகி, கனசதுரம், வீடு, எல்லாம் தானாக வரும். இந்த மனிதருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தொடங்கியது தீக்குச்சியில்!

கைதட்டியதற்கு நன்றி. ஆனால் கைதட்ட வேண்டிய இடம் அதுவல்ல. அந்தத் திட்டத்தில் ஆசிரியருக்குப் பயிற்சி எத்தனை நாள்? 6, 7, 8 என்று வகுப்புக்கு ஒரு கோடையாக மூன்று கோடைகள், ஒவ்வொன்றிலும் மூன்று வாரம். வகுப்பில் பிள்ளை செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர் அங்கே தன் கையால் செய்தாக வேண்டும். அதன்பின் மாதந்தோறும் கூட்டம். “இந்த மாதம் எது வரவில்லை?” என்பதுதான் அங்கே பேச்சு. பள்ளிக்குப் பெட்டி நிறையப் பொருள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. முப்பது ஆண்டு ஓடியதை 2002இல் அரசு நிறுத்திவிட்டது. அது தனி வருத்தம்.

எது வரவில்லை என்ற அந்தக் கேள்வி ஏன் முக்கியம்? எளிய மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். காணொளியில் ஒரு நிமிடத்தில் சுற்றும், வகுப்பில் சுற்றாது. பெரிய டார்ச் செல் ஒன்று, ஊக்கு இரண்டு, வட்டக் காந்தம் ஒன்று, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம், ஒரு மீட்டர் கம்பி. செல்லின் மேலேயே கம்பியை எட்டுச் சுற்று சுற்றி, இரு பக்கமும் நான்கு சென்டிமீட்டர் கம்பியைக் கை மாதிரி நீட்டி விட்டு உருவி எடுக்க வேண்டும். கைகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் சுருளின் நடுவிலிருந்து வர வேண்டும். கோணினால் சுருள் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு நிற்கும். செல்லின் இரு முனைகளிலும் ஊக்குகளை நிறுத்தி ரப்பர் வளையத்தால் இறுக்கி, காந்தத்தைச் செல்லின் மேல் வைத்து, ஊக்கின் கண்களில் சுருளின் கைகளை உட்கார வைக்க வேண்டும். இவ்வளவும் படத்தில் இருக்கும்.

படத்தில் இல்லாதது எனாமல். செம்பு நிறத்திலேயே இருப்பதால் கம்பியின் மேல் பூச்சு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. சுருளின் ஒரு கையில் பூச்சை முழுவதும் சுரண்ட வேண்டும். இன்னொரு கையில் பாதி மட்டும். சுருளை மேசை மேல் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு, கையின் மேல்பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். படுக்க வைத்துச் சுரண்டினால், மின்சாரம் ஓடும் அந்த அரைச்சுற்றின் நடுவிலேயே விசையின் திசை மாறிவிடும், சுருள் ஊஞ்சல் மாதிரி இரண்டு ஆட்டம் ஆடி நின்றுவிடும். இரண்டு கையிலும் முழுக்கச் சுரண்டினாலும் இதே கதிதான். முதல் அரைச்சுற்றில் தள்ளிய விசை அடுத்த அரைச்சுற்றில் பின்னுக்கு இழுக்கும். பாதிப் பூச்சு அந்த இரண்டாம் அரைச்சுற்றில் மின்சாரத்தை நிறுத்திவைக்கிறது. மோட்டாரில் திசைமாற்றிக்கு என்ன வேலை என்று தேர்வில் அரைப் பக்கம் எழுத வைக்கிறோமே, அதன் எளிய வடிவம் அந்தக் கம்பிக் கையில் இருக்கிறது. இன்னொன்று: சுற்றாத சுருளை ஊக்கிலேயே விட்டு வைக்காதீர்கள். ஒரு மீட்டர் செம்புக் கம்பிக்குத் தடை மிகக் குறைவு, கிட்டத்தட்ட செல்லின் இரு முனைகளையும் நேராக இணைத்த மாதிரி. கம்பி சுடும், சில நிமிடங்களில் செல் தீர்ந்துபோகும். பிறகு சரியாகச் சுரண்டிய சுருள்கூடச் சுற்றாது. “காந்தம் சரியில்லை” என்று ஆசிரியர் முடிவு கட்டுவார். பழி காந்தத்துக்கு!

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றேன். சட்டியில் இருக்க வேண்டியது இந்தப் பாதிச் சுரண்டல். திரையில் ஆயிரம் படம் காட்டினாலும் இது வராது.

இனி நேரம். இதைத்தான் எந்த மேடை கிடைத்தாலும் பேசிக்கொண்டிருக்கிறேன், அலுவலர் அவர்களுக்கும் சலித்திருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பொருள் பகிர 5 நிமிடம். சுற்ற 8. சுரண்ட 10. பொருத்த 7. ஆக, 30 போயிற்று. எட்டுக் குழுவில் மூன்று சுற்றும், ஐந்து சுற்றாது. அந்த ஐந்தும் ஏன் சுற்றவில்லை என்று தேடுவதுதான் பாடம், அதற்கு மீதி 10 நிமிடம். அதிலும் பிளேடை எண்ணித் திரும்ப வாங்க 5 நிமிடம். குறிப்பேட்டில் எழுத நேரமே இல்லை. அதனால்தான் ஆசிரியர் தானே மேசை மேல் ஒரு மோட்டாரைச் சுற்றிக் காட்டிவிட்டுப் பாடத்தை முடிக்கிறார். அவர்மேல் குற்றம் இல்லை, குற்றம் கால அட்டவணையில் இருக்கிறது. 6 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு முறை இரண்டு அறிவியல் பாடவேளைகளை அடுத்தடுத்து வையுங்கள். புதிய பணியிடம் வேண்டாம், நிதி வேண்டாம். தலைமையாசிரியரின் பேனா போதும். ஆண்டுக்கு ஒரு நாள், பிப்ரவரி 28 அன்று, தெர்மகோல் எரிமலையில் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்கவிட்டுப் புகைப்படம் எடுப்பதை அறிவியல் நாள் என்கிறோம். சி.வி. இராமன் பாவம்.

வெளியே கிடைக்கும் உதவிகளை ஓட்டமாகச் சொல்கிறேன். அரசுப் பள்ளிகளுக்கே வந்து அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்துகாட்டும் தமிழ்நாடு அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கியது. தொடக்கத்தில் 13,210 அரசுப் பள்ளிகள், 710 கருத்தாளர்கள். வகுத்துப் பாருங்கள், ஒருவர் தலையில் ஏறத்தாழ 19 பள்ளி. கருத்தாளர் வந்து செய்துகாட்டும் நாளில் வகுப்பாசிரியர் பதிவேட்டு வேலைக்குப் போய்விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செட் தானும் செய்ய வேண்டும், இல்லையென்றால் அவர் போனதும் அறிவியலும் போய்விடும். புதிய யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குத் தேர்வாகும் பிள்ளைக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் வருகிறது. பள்ளியின் யோசனைகளை ஆசிரியர்தான் இணையத்தில் ஏற்ற வேண்டும், கடைசி நாளில் தளம் திறக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கருவிகளைச் செய்து பழகும் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். முப்பரிமாண அச்சுப் பொறி வந்து பெட்டியோடு பூட்டியிருக்கும் பள்ளிகளைப் பற்றி இன்றைக்குப் பேசவில்லை. கர்நாடகத்துச் சள்ளகெரெயில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆசிரியர் பயிற்சி மையம் இருக்கிறது, மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. விண்ணப்பித்துத் தேர்வானவர்களுக்குப் பணிவிடுப்பு ஆணை தாமதமாகாமல் கிடைக்க வேண்டும் என்று அலுவலர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். போய்வந்தவரும், திரும்பி வந்ததும் அதே 40 நிமிடத்தில்தான் மாட்டிக்கொள்வார். ஆகவே மறுபடியும் இரட்டைப் பாடவேளை.

நேரம் முடிந்தது என்று துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மதிப்பீட்டைத் தொடவே இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண், அதற்குக் கீழே உள்ள வகுப்புகளின் நிலை உங்களுக்குத் தெரியும் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

கீழ்க்கூடத்தில் எட்டு மேசை போட்டிருக்கிறோம். மேசைக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஒரு மோட்டார் செட். இரட்டைப் பாடவேளை கேட்கும் மனு வாசலில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள். மேடையில் உள்ள பெரியவர்களும் வர வேண்டும், முதல் மேசை அவர்களுக்குத்தான். சுற்றுகிற மோட்டாரை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சுற்றாததையும் எடுத்துப் போகலாம். பிளேடை மட்டும் எண்ணி வாங்கிக்கொள்வோம்.