குப்பிக்குள் புரதத்தோடு வேறென்ன இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கங்களில் விடியற்காலையில் ரப்பர் பால் எடுத்து வந்து, தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு, அது திரிந்து கட்டியாவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவிருக்கும் காட்சி புதிதாகத் தோன்றாது. காய்ச்சலோடு வருகிறவருக்கு டாக்டர் ‘சி.ஆர்.பி.’ என்று சீட்டில் எழுதித் தருவார். சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்னும் புரதம் இரத்தத்தில் கூடியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஆய்வகத்தில் கறுப்புத் தகட்டின் ஒரு வட்டத்துக்குள் அவருடைய சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிநீரில், ஒரு சொட்டும், வெள்ளை லேடெக்ஸ் கரைசலில் ஒரு சொட்டும் விட்டு, குச்சியால் கலக்கி, இரண்டு நிமிடம் தகட்டை ஆட்டினால், அழற்சி இருப்பவருடைய சொட்டு பால் திரிவதுபோலத் திரியும். அந்த லேடெக்ஸ் நம் தோட்டத்துப் பால் அன்று. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கின் நுண்மணிகள், மேலே அந்தப் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் பூசப்பட்டவை.

அந்தப் புரதத்தை 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லட், பிரான்சிஸ் என்னும் இருவர் கண்டறிந்தார்கள். நிமோனியா நோயாளிகளின் சீரம், நிமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்த ‘சி’ என்னும் பகுதியோடு சேர்ந்து வீழ்படிவானது. நோய் தெளிந்ததும் அந்த வினை மறைந்தது. ‘சி’ என்ற எழுத்து அங்கிருந்து வந்ததுதான். உடம்பில் எங்கே அழற்சி எழுந்தாலும் கல்லீரல் இதைச் சுரக்கிறது. ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், சில வேளை ஆயிரம் மடங்கு கூடி, காரணம் நீங்கியதும் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதி பாதியாகக் குறையும்.

என் முதல் வேலை களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலைக்கு அப்பால் இருந்த ஒரு சிறிய ஆய்வகத்தில். ஒரு மாலையில், உடம்பு அனலாய்க் கொதித்த ஒருவருடைய சீரத்தைச் சோதித்தேன். சொட்டு திரியவே இல்லை. ‘இல்லை’ என்று எழுதப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார் அங்கிருந்த மூத்த சேச்சி. “மோனே, அதொன்னு நேர்ப்பிச்சு நோக்கு” என்றார். நீர்த்துப் பார் என்று பொருள். உப்புநீரில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி விட்டேன். அரை நிமிடத்துக்குள் வட்டம் முழுவதும் மணல்மணலாகத் திரிந்து நின்றது. புரதம் இல்லாமல் அல்ல, அளவுக்கு மீறி இருந்ததால்தான் முதலில் திரியவில்லை. இரண்டு மணிகளை இணைக்கும் பாலம் அந்தப் புரதம். ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியே வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டால், பக்கத்து மணியின் கையைப் பிடிக்க அதற்குத் தேவை ஏது? அன்றிலிருந்து எந்தச் சோதனைக்கும், ஒப்பிட்டுப் பார்க்கத் ‘தெரிந்த அளவு’ புரதம் பக்கத்தில் இல்லாமல் நான் உட்கார்ந்ததில்லை.

தெரிந்த அளவு என்றால், தூய்மையாக்கிய மனிதப் புரதம் வேண்டும். அதைப் பிரிக்கும் முறை வலை வீசுவது அன்று, தூண்டில் போடுவது. இந்தப் புரதத்துக்கு ஃபாஸ்போகோலின் என்னும் மூலக்கூறின்மேல் ஆசை. ஆனால் கால்சியம் இருந்தால்தான் கவ்வும். அகரோஸ் என்னும் ஜெல் மணிகளில் அந்த இரையைக் கட்டி, குழாயில் நிரப்பி, கால்சியம் கலந்த சீரத்தையோ, நோயாளியின் வயிற்றிலோ மார்பிலோ சேர்ந்த நீரையோ மெல்ல ஊற்றுவார்கள். மற்றவை வழிந்துவிடும், இது மட்டும் ஒட்டி நிற்கும். பிறகு இ.டி.டி.ஏ. ஊற்றினால், இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இருக்கிறதே அதேதான், கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும். புரதம் கைவிட்டு இறங்கும்.

இனிமேல்தான் என் பழைய புலம்பல். இப்படித் தூய்மையாக்கி விற்கும் புரதத்தை வாங்கினால், அந்தக் குப்பியில் புரதம் மட்டுமே இருப்பதாக நினைக்கக் கூடாது, திரும்பவும் சொல்கிறேன், நினைக்கவே கூடாது. கெடாமல் இருக்கச் சோடியம் அசைடு சேர்த்திருப்பார்கள். இரத்தக் குழாயைத் தளர்த்தும் தன்மை அசைடுக்கே உண்டு. சி.ஆர்.பி. இரத்தக் குழாயைத் தளர்த்துகிறது என்று சில ஆய்வுகள் சொல்ல, அசைடை நீக்கிவிட்டுப் பார்த்தபோது அந்த விளைவும் கூடவே போய்விட்டது. ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்தெடுத்த புரதத்தில் எண்டோடாக்சின் என்னும் பாக்டீரியாவின் நச்சுப்பொருள் ஒட்டிக்கொண்டு வரும். அது ஒரு துளி போதும், செல்கள் கொந்தளிக்க. லண்டனில் மார்க் பெப்பிஸ் குழுவினர் 2005-இல், அப்படிப்பட்ட புரதத்தின் பெயரில் எழுதப்பட்ட அழற்சி விளைவுகள் உண்மையில் பாக்டீரியா மாசினால் வந்தவை என்று காட்டினார்கள். மனிதரிடமிருந்து பிரித்த தூய புரதம் அந்தச் செல்களைச் சீண்டவில்லை. ஆகவே ஆய்வு மாணவர்கள் புரதம் இல்லாமல் அசைடும் கரைசலும் மட்டும் விட்ட ஒரு குழியையும் சோதனைத் தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கொதிக்க வைத்தால் புரதம் குலைந்துவிடும், எண்டோடாக்சின் எளிதில் அசையாது. கொதித்த பிறகும் அதே விளைவு வந்தால் குற்றவாளி யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக்கு அப்பால் கை அசைகிறது. பாதுகாக்கும் முறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், மூன்று வாக்கியத்தோடு விடுகிறேன். ஒரே அச்சில் வார்த்த ஐந்து துண்டுகள் வளையமாகக் கூடியது இந்தப் புரதம். கால்சியம் போய்விட்டால் வளையம் தளர்ந்து பிரியும் அபாயம் உண்டு என்பதால், கால்சியம் கலந்த கரைசலில் வைக்கச் சொல்வார்கள். லேபிளில் 2 முதல் 8 டிகிரி என்று எழுதியிருந்தால் அது குளிர்பெட்டியின் நடுத் தட்டுக்கு உரியது, ஃப்ரீசருக்கு உரியது அன்று. வணக்கம்.