சுவருக்கு மூச்சு முட்டுது

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, கிராஅத் ஓதித் தொடங்கிவைத்த இமாம் ஹஜ்ரத் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் கவுன்சிலர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய பேராசிரியர் அம்மா அவர்களே, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கொத்தனார் அண்ணன்மார்களே! உங்களைத்தான் முன்வரிசையில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

மூன்று விஷயம் பேச வந்தேன்: பழைய பள்ளிவாசல்களின் கட்டுமானம், அவற்றைப் புதுப்பிக்கும் முறை, அறத்துக்கு எழுதிவைத்த சொத்துகளின் வக்ஃபு ஆவணங்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார் எங்கள் அத்தா. அதனால் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளிக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். கருங்கல் தூண், அதன் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை. கோயில் மண்டபத்தைச் செதுக்கிய அதே கைப்பழக்கம். உருவம் மட்டும் இருக்காது. பூவும் கொடியும் இருக்கும். நம் மதுரை கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடக் கல் அழகர்மலையிலிருந்து வந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலிலும் வளைவும் குவிமாடமும் செங்கல், சுண்ணாம்பு, சுதை வேலைதான். இந்த மண்ணின் கொத்தனாருக்கு மகாலும் பள்ளிவாசலும் ஒரே கரண்டி.

வைகைக்கு அக்கரையில் ஒரு சின்னப் பள்ளி, பேர் வேண்டாம். புதுப்பிக்கிறோம் என்று சுண்ணாம்புக் காரையைக் கொத்தியெடுத்துவிட்டு சிமெண்ட் பூசினோம். கல்தூணுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தோம். தீர்மானத்தில் நானும் கையெழுத்துப் போட்டவன். இரண்டு ஐப்பசி மழைதான். தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப் பக்கச் சுவரில் உப்புப் பூத்தது, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, சுவரோரப் பாயெல்லாம் நனைந்த வாடை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. அப்போதுதான் எழுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைப் பெயர்த்தார். உள்ளே செங்கல் ஊறிப்போய், நகம் பட்டாலே மாவாக வந்தது. "பாய், சுவருக்கு மூச்சு முட்டுது. சட்டையைக் கழட்டுங்க" என்றார். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே பூட்டிவைக்கும். சிமெண்டை முழுக்கப் பெயர்த்தோம். சுண்ணாம்பை நீற்றி, சலித்த மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பிசைந்தார். கருப்பட்டி வாசத்துக்கு மதரஸாப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அடுத்த மழை முடிந்ததும் பாங்கு சொல்லும் மோதினார் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அந்தக் கொத்தனார் இன்று இல்லை. அவர் மகன் டைல்ஸ் ஒட்டுகிறார். சுண்ணாம்பு வேலைக்குக் கூப்பிட ஆளில்லை என்பதால்தான். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்கிறோம்; சுவரை வைக்கத் தெரிந்த கையை விட்டுவிட்டோமே! மதுரையில் ஒரு சுண்ணாம்பு வேலைப் பயிற்சிக்கூடம் வேண்டும். பள்ளிவாசல், கோயில், சர்ச் எதுவானாலும் ஆளுக்கு இரண்டு இளைஞர்களை அனுப்பட்டும். கவுன்சிலர் அவர்களே, சுண்ணாம்பு அரைக்கும் செக்குப் போட ஐந்து சென்ட் இடம் போதும். அதற்குத்தான் இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்.

வக்ஃபு ஆவணங்களைப் பற்றிப் பேராசிரியர் அம்மா பேசியதே போதும். மஃரிபு என்னும் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போகிறார்கள். வாசல் மேசையில் நோட்டு இருக்கிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பேரை எழுதிவிட்டுத் தொழுகைக்குப் போங்கள்.